வேண்டாத இடத்தில் தண்ணீர்

கலிபோர்னியாவின் இண்டியோ, கடல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே கிடக்கும் ஊர். சுற்றிலும் வரிசை பிசகாத பேரீச்சைத் தோப்புகள். அமெரிக்காவில் விளையும் பேரீச்சையில் பெரும்பகுதி இந்தக் கோச்செல்லா பள்ளத்தாக்கில் விளைவதுதான். தோப்புகள் முடிந்ததும் இன்டர்ஸ்டேட்-10 நெடுஞ்சாலை கிழக்கே பார்த்து ஏற ஆரம்பிக்கிறது. சுமார் 30 மைல் தூரத்தில் 1,700 அடி உயரம். கொண்டை ஊசி வளைவு ஒன்றுகூட இல்லை. ரோடு நேராகத்தான் போகிறது, சுற்றியிருக்கும் மலைகளும் மொட்டையாக இருப்பதால் ஏறுகிறோம் என்பதே கண்ணுக்குத் தெரியாது. இன்ஜினுக்கு மட்டும் தெரியும்.

ஓரங்களில் தண்ணீர்த் தொட்டிகளும், ‘ரேடியேட்டர் தண்ணீர்’ என்ற பலகைகளும் இருக்கின்றன. குடிக்க அல்ல, கொதித்து நிற்கும் வண்டிகளுக்கு. இந்தப் பாலைவனத்தில் மனிதர்கள் செய்து வைத்திருக்கும் ஏற்பாடுகளில் பாதி, தண்ணீரை அது இல்லாத இடத்துக்குக் கொண்டுபோகும் ஏற்பாடுதான். எங்கள் வண்டிக்கு வந்த நோய் அதற்கு நேர்மாறானது. வரக்கூடாத இடத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது.

ஜனவரி மாதம். அக்காவும் அத்தானும் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இருக்கிறார்கள். சென்ற வருடம் ஒரு பழைய மோட்டார்ஹோம் வாங்கியிருந்தார்கள். பெரிய வேன் சட்டகத்தின் மேல் ஒரு சின்ன வீட்டை ஏற்றிவைத்த வண்டி அது. டிரைவர் தலைக்கு மேல் ஒரு படுக்கை, பின்னால் அடுப்பு, ஃப்ரிட்ஜ், குளியலறை, தண்ணீர்த் தொட்டி, கழிவுத் தொட்டி. பெட்ரோலும் தண்ணீரும் நிரப்பி, சாமான் ஏற்றி, ஆளும் ஏறினால் ஆறு டன்னைத் தொடும். அரிசோனா எல்லையைத் தாண்டி குவார்ட்ஸைட் என்ற ஊருக்குப் போகிறோம். குளிர்காலத்தில் நாடு முழுவதிலுமிருந்து மோட்டார்ஹோம்கள் வந்து கூடும் இடம் அது.

ஏற்றத்தின் பாதியில், ரோட்டில் மேடு பள்ளம் ஏதும் இல்லாமலே வண்டி விட்டுவிட்டு அதிர்ந்தது.

“மாப்ளே, உனக்கும் அதிருதா?” என்றார் அத்தான்.

“ஆமா அத்தான். லேசா மிதிக்கும்போதுதான் வருது. நல்லா அழுத்தினா போயிருது, பாருங்க.”

அவர் அழுத்திப் பார்த்தார். போய்விட்டது. காலைத் தளர்த்தினார். திரும்ப வந்தது. டிரான்ஸ்மிஷனின் வெப்பத்தைக் காட்டும் முள்ளும் வழக்கமான இடத்தைவிடக் கொஞ்சம் மேலே நின்றது. அக்கா பின்சீட்டிலிருந்து பாத்திரங்களின் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்திருந்தாள். “அலமாரிக்குள்ள தட்டு கிடுகிடுங்குது. நான் ரோடு சரியில்லன்னுல்லா நெனச்சேன்.”

அழுத்தினால் போகிற நடுக்கம் என்பது ஒரு துப்பு. தானியங்கி கியர் வண்டியில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே, காலால் மிதிக்கும் கிளட்ச் கிடையாது. டார்க் கன்வெர்ட்டர் என்ற ஒரு மூடிய உருளை இருக்கும். அதற்குள் இரண்டு சக்கரங்கள் எதிரெதிரே நிற்கும். இன்ஜின் ஒன்றைச் சுழற்ற, அது எண்ணெயைத் தள்ள, அந்த எண்ணெய் வேகம் மற்றதைச் சுழற்றும். இரும்பும் இரும்பும் தொடுவதில்லை. அதனால் சறுக்கல் உண்டு, சறுக்கல் அத்தனையும் சூடாக மாறும். அந்த விரயத்தைத் தவிர்க்க, சமவேகத்தில் போகும்போது இரண்டையும் சேர்த்துப் பூட்டும் ஒரு உள் கிளட்ச்சை வைத்திருக்கிறார்கள். பலமாக மிதித்தால் அந்தப் பூட்டு திறந்துகொள்ளும். நடுக்கம் பூட்டியிருக்கும்போது மட்டும் வருகிறதென்றால், அந்தக் கிளட்ச் பிடித்துப் பிடித்து வழுக்குகிறது. இன்ஜினில் ஒரு சிலிண்டர் சரியாக எரியாவிட்டாலும் இதே போன்ற அதிர்வு வரும். ஆனால் அது பெரும்பாலும் அழுத்தும்போது கூடும், குறையாது.

ஆக, சந்தேகம் எண்ணெய்மேல் விழுந்தது. அந்த ஒரே எண்ணெய்தான் சக்தியைக் கடத்துகிறது, கியர் மாற்றும் வால்வுகளை அழுத்துகிறது, பற்களுக்கு மசகாகிறது, சூட்டைச் சுமந்து வெளியே கொண்டுபோகிறது. கிளட்ச் எவ்வளவு வழுக்கலாம், எப்போது பிடிக்க வேண்டும் என்பதும் அதன் கலவையில்தான் இருக்கிறது. நான்கு ஆள் வேலையை ஒரே ஆள் பார்க்கும் இடத்தில், அந்த ஆளுக்கு ஜலதோஷம் வந்தாலும் கடை மூட வேண்டியதுதான்.

ஏற்றத்தின் உச்சியில் சிரியாகோ சம்மிட். 1,706 அடி. 1933-ல் ஜோ சிரியாகோ என்பவர் இங்கே ஒரு பெட்ரோல் பங்கும் சாப்பாட்டுக் கடையும் போட்டார். ஊரென்றால் இன்றும் ஏறக்குறைய அதுதான். பக்கத்தில் ஜெனரல் பேட்டனின் நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. 1942-ல் வட ஆப்பிரிக்கப் போருக்கு டாங்கிப் படையைப் பழக்க, பேட்டன் தேர்ந்தெடுத்தது இந்தப் பாலைவனத்தை. அருங்காட்சியகத்தின் வெளியே பழைய டாங்கிகள் வெயிலில் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் எதிரே எங்கள் வண்டியையும் நிறுத்தினோம்.

டிரான்ஸ்மிஷன் எண்ணெயை அளக்கும் முறை இன்ஜின் ஆயிலுக்கு எதிர்மாறானது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், கியர் ‘பார்க்’கில் இருக்க வேண்டும், எண்ணெய் சூடாக இருக்க வேண்டும். அத்தான் டிப்ஸ்டிக்கை உருவி, நூல் உதிராத துணியால் துடைத்து, திரும்பச் செருகி எடுத்தார். நிறம் சிவப்புதான். கருகிய வாடை இல்லை. ஆனால் இரண்டு விஷயம் உதைத்தது. அளவு மேல்கோட்டைத் தாண்டியிருந்தது. குச்சியின்மேல் நுண்ணிய குமிழிகள் இருந்தன.

குமிழிக்கு எளிய விளக்கம் ஒன்று உண்டு. எண்ணெய் அளவுக்கு மேல் இருந்தால், சுழலும் பாகங்கள் அதைக் கடைந்து காற்றைக் கலந்துவிடும். சில மாதங்களுக்கு முன் ஒரு ஒர்க்‌ஷாப்பில் எண்ணெய் சேர்த்திருந்தார்கள். கூடுதலாக ஊற்றியிருக்கலாம். அப்படியானால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்தால் தீர்ந்தது. கூடுதல் அளவுக்கு இன்னொரு விளக்கமும் உண்டு. யாரும் ஊற்றாமலே வேறேதோ உள்ளே வந்து சேர்ந்திருக்கலாம். அன்று குச்சியில் தெரிந்ததை வைத்து இரண்டில் எது என்று சொல்ல முடியாது. நிறம் தெளிவாக இருந்தது, முன்னால் இருந்த ரோடு பெரும்பாலும் இறக்கமும் சமதளமும். ஐம்பது மைல் வேகத்துக்கு மேல் போகாமல், முள்ளைப் பார்த்துக்கொண்டே போவது என்று முடிவாயிற்று.

இறக்கத்தில் வலதும் இடதும் வெறும் சரளை, கிரியோசோட் புதர்கள். கண்ணுக்கு எட்டிய தூரத்தில் கொலராடோ நதிக் கால்வாயின் தடங்கள். 1930-களில் வெட்டிய அந்தக் கால்வாய் 242 மைல் நீளம். லாஸ் ஏஞ்சலஸுக்குத் தண்ணீர் போக, வழியில் ஐந்து நிலையங்களில் மொத்தம் 1,617 அடி மேலே இறைக்க வேண்டும். கடைசி இரண்டு நிலையங்களும் இந்த வட்டாரத்தில்தான். அதை வெட்ட வந்த தொழிலாளர்களுக்காக, டெசர்ட் சென்டர் என்ற ஊருக்கு அருகே 1933-ல் சிட்னி கார்ஃபீல்ட் என்ற இளம் மருத்துவர் 12 படுக்கைகளோடு ஓர் ஆஸ்பத்திரி தொடங்கினார். நோயாளி வந்தால் காசு என்ற கணக்கில் ஆஸ்பத்திரி மூழ்கப் பார்த்தது. பிறகு, ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து சென்ட் முன்கூட்டியே பிடித்துக்கொள்வது என்று மாற்றினார்கள். மாற்றிய பிறகு கார்ஃபீல்ட் வேலைத்தளத்துக்கே போய், பலகைகளில் நீட்டிக்கொண்டிருந்த ஆணிகளை அடித்து மடக்கச் சொன்னார் என்று சொல்வார்கள். யாருக்கும் அடிபடாமல் இருப்பதில் இப்போது அவருக்கும் லாபம். பின்னாளில் கைசர் பெர்மனென்ட்டே என்ற பெரிய மருத்துவ அமைப்பு வளர்ந்தது இந்த விதையிலிருந்துதான். இன்று டெசர்ட் சென்டரில் மூடிக் கிடக்கும் கட்டடங்கள்தான் மிச்சம்.

அக்கா ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். “காசு வாங்கின பிறகு ஆணி புடுங்கினாரா, அதுக்கு முன்னாடியே புடுங்கினாரா?” என்று கேட்டாள். “பிறகுதான்” என்றேன். “அப்ப சரி. நம்பலாம்.”

பிளைத் நகரம் தாண்டி கொலராடோ நதி. பாலத்தின் நடுவில் மாநிலம் மாறுகிறது. அங்கிருந்து இருபது மைல் போனால் குவார்ட்ஸைட். நிலையாகக் குடியிருப்பவர்கள் மூவாயிரம் பேர்கூட இல்லை. ஜனவரியில் பார்த்தால் நம்ப முடியாது. மலையடிவாரம் வரை வெள்ளை வெள்ளையாக வண்டிகள். ஊரின் தெற்கே லா போசா என்ற அரசுப் பாலைநிலம் உண்டு. மத்திய நில நிர்வாகம் அனுமதிச் சீட்டு கொடுத்து, செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்க விடுகிறது. 1983-லிருந்து நடக்கும் ஏற்பாடு. கரண்டு கிடையாது, தெருவிளக்கு கிடையாது. குடிநீர்க் குழாயும் கழிவு இறக்கும் இடமும் உண்டு. ஓய்வுபெற்ற தம்பதிகள், கல் பொறுக்கிகள், வீட்டு வாடகை கட்டமுடியாமல் வண்டியிலேயே வாழ்பவர்கள் எல்லோரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள்.

ஊரின் பழைய கல்லறைத் தோட்டத்தில் பிரமிடு வடிவத்தில் ஒரு சமாதி இருக்கிறது, உச்சியில் செம்பு ஒட்டகம். ஹாஜி அலி என்ற ஒட்டகக்காரருடையது. உள்ளூர்க்காரர்கள் நாவில் அவர் பெயர் ‘ஹை ஜாலி’ ஆகிவிட்டது. 1850-களில் அமெரிக்க ராணுவம், தண்ணீர் இல்லாத தென்மேற்கைக் கடக்க ஒட்டகம்தான் சரி என்று நினைத்து, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து கப்பலில் ஒட்டகங்களை இறக்கியது. முதல் கூட்டம் 1856-ல் டெக்சஸ் கரைக்கு வந்தது. அவற்றை மேய்க்க வந்தவர்களில் ஒருவர் இவர். ஒட்டகங்கள் தங்கள் வேலையைச் சரியாகவே செய்தன. உள்நாட்டுப் போரும் ரயிலும் வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது. அவர் 1902-ல் இறந்தார், சமாதி 1935-ல் எழுந்தது.

அன்று மாலை நிறுத்திய இடத்தில் இரவு முழுக்க வண்டி நின்றது. காலையில் அத்தான் இன்ஜினை ஓடவிட்டு டிப்ஸ்டிக்கை உருவினார். இழுத்த கை அப்படியே நின்றது. சிவப்பு போய்விட்டது. குச்சியில் கெட்டியாக, ஒளி ஊடுருவாமல், இளஞ்சிவப்பாக வழிந்தது. அமெரிக்க மெக்கானிக்குகள் இதை ஸ்ட்ராபெர்ரி மில்க்‌ஷேக் என்பார்கள். எங்கள் மூவருக்கும் ரோஸ் மில்க்தான் தோன்றியது.

“இன்ஜினை நிறுத்துங்க அத்தான்” என்றேன். ஏற்கெனவே நிறுத்தியிருந்தார்.

பக்கத்து வண்டிக்காரர் ஒரு நடமாடும் மெக்கானிக்கின் எண்ணைக் கொடுத்தார். குளிர்காலம் முழுக்க இங்கே தங்கி, கருவிகள் அடுக்கிய ஒரு பிக்கப் வண்டியோடு கூடாரம் கூடாரமாகப் போய் வேலை பார்க்கும் கிழவர். வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி வண்டியைப் பற்றி அல்ல. “நாய் இருக்கிறதா?” அக்கம்பக்கத்தில் நிறைய இருந்தன. கட்டச் சொன்னார். ரேடியேட்டர் கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிக்கும். நாய் நக்கினால் சிறுநீரகம் போய்விடும். வண்டிக்கடியில் ஒரு தார்ப்பாயை விரித்தார். அரசு நிலத்தில் ஒரு சொட்டும் சிந்தக்கூடாது. அதன் பிறகுதான் டிப்ஸ்டிக்கைத் தொட்டார்.

அவர் வேலை செய்த முறைதான் இந்தப் பயணத்தில் நான் பார்த்தவற்றில் சிறந்தது. எண்ணெய் இளஞ்சிவப்பானதும் “ரேடியேட்டர் போச்சு” என்று சொல்லிவிடலாம், பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். அவர் சொல்லவில்லை. வேறு என்னவெல்லாமாக இருக்க முடியும் என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்தார்.

முதலில், இது காற்றா, தண்ணீரா? ஒரு சிறிய கண்ணாடிக் குடுவையில் கொஞ்சம் எடுத்து வைத்தார். காற்றுக் குமிழியாக இருந்தால் கொஞ்ச நேரத்தில் தெளிந்து, அடியில் சிவப்பு எண்ணெய் வரும். அரை மணி கழித்தும் கலங்கல் அப்படியே இருந்தது. பிறகு எங்கள் அடுப்பில் ஒரு பழைய தகரத் தட்டைக் காயவைத்து, ஒரு சொட்டு விட்டார். சுத்தமான எண்ணெய் மெல்லப் புகைந்து பரவும். இது படபடவென்று பொரிந்து தெறித்தது. கொதிநிலைக்கு மேல் சூடான தட்டில் எண்ணெய்க்குள் ஒளிந்திருக்கும் தண்ணீர் நீராவியாகி வெடிக்கிற சத்தம் அது. தண்ணீர் உறுதி. தள்ளி நின்று செய்ய வேண்டிய சோதனை இது. தெறித்தது கையில் பட்டால் கொப்புளம்தான்.

அடுத்தது, எந்தத் தண்ணீர்? டிரான்ஸ்மிஷனுக்கு மூச்சுவிட ஒரு துளை உண்டு. வண்டி வெள்ளத்தில் இறங்கியிருந்தாலோ, அந்தப் பக்கமாக வேகமாக நீரைப் பீய்ச்சிக் கழுவியிருந்தாலோ அந்த வழியாகத் தண்ணீர் போகலாம். டிப்ஸ்டிக் குழாயின் மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் மழைநீர் இறங்கலாம். மாதக்கணக்கில் நிற்கும் மோட்டார்ஹோமில் பகல் சூடும் இரவுக் குளிரும் மாறிமாறி வர, உள்ளே ஈரம் படியவும் செய்யும். ஆனால் அது எண்ணெயைப் பால்போல் ஆக்கும் அளவுக்கு இருக்காது. இந்தத் தண்ணீருக்கும் ரேடியேட்டர் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் கிளைகால். அவரிடம் கிளைகாலுக்கு நிறம் மாறும் பரிசோதனைத் தாள் இருந்தது. தாள் நிறம் மாறியது.

மூன்றாவதாக, மறுபக்கம் என்ன சொல்கிறது? வண்டி நன்றாக ஆறியிருந்ததால் ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். சூடான வண்டியில் ஒருபோதும் செய்யக்கூடாத காரியம். விரலால் விளிம்பைத் தடவிக் காட்டினார். பழுப்பும் சிவப்புமாகப் பிசுபிசுப்பு. இங்கேயிருந்து அங்கே போனது மட்டுமல்ல, அங்கேயிருந்து இங்கேயும் வந்திருக்கிறது.

அத்தான் கேட்டார். “நேற்று மலையுச்சியில் பார்த்தபோது தெளிவாகத்தானே இருந்தது. ராத்திரி நின்றுகொண்டிருந்த வண்டிக்கு எப்படி இப்படி ஆகும்?”

“நின்றதால்தான் ஆகியிருக்கிறது” என்றார் கிழவர்.

பல வண்டிகளில் டிரான்ஸ்மிஷன் எண்ணெயைக் குளிர்விக்கும் சிறு கூலர், ரேடியேட்டரின் ஓரத் தொட்டிக்குள்ளேயே முழுகிக் கிடக்கும். குழாயின் உள்ளே எண்ணெய், வெளியே கூலன்ட், நடுவே ஒரு மெல்லிய உலோகச் சுவர். குளிர்காலக் காலையில் எண்ணெயைச் சீக்கிரம் சூடாக்கவும், கோடையில் ஆறவைக்கவும் அது கெட்டிக்கார ஏற்பாடு. வண்டி ஓடும்போது எண்ணெய் பம்பின் அழுத்தம் பொதுவாகக் கூலன்ட்டைவிட அதிகம். சுவரில் ஒரு கீறல் விழுந்தால், ஓட்டத்தின்போது எண்ணெய்தான் கூலன்ட்டுக்குள் கசியும். வண்டியை நிறுத்தியதும் பம்ப் நின்று எண்ணெயின் அழுத்தம் மறைந்துவிடும். ரேடியேட்டரோ மூடிய பாத்திரம். சூடு இறங்கும்வரை அதில் அழுத்தம் நிற்கும். இப்போது கசிவு திசை மாறி, கூலன்ட் எண்ணெய்க்குள் போகும். ஏற்றம் ஏறிக் கொதித்த வண்டியை நிறுத்திவிட்டு நாங்கள் நிம்மதியாகத் தூங்கிய நேரம்தான் அதற்குத் தோதான நேரம். சிறு கீறலாக இருந்தால், ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக நடந்துகொண்டிருந்திருக்கும். மேல்கோட்டைத் தாண்டிய அளவுக்கும் முதல் நடுக்கத்துக்கும் அப்போது காரணம் கிடைத்தது.

கெடுதல் எங்கே நடக்கிறது என்றும் சொன்னார். கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் வட்டுகள் முழு உலோகம் அல்ல. எஃகு வட்டின்மேல் காகித நார் சார்ந்த உராய்வுப் படலத்தை ஒட்டியிருப்பார்கள். அந்தப் படலம் எண்ணெயைவிடத் தண்ணீரை ஆசையாகக் குடிக்கும். குடித்தால் உப்பும், பசை விடும், கிளைகால் அந்தப் பசையை மேலும் இளக்கும். உரிந்த துணுக்குகள் வடிகட்டியை அடைக்கும். கனரக டிரான்ஸ்மிஷன் செய்யும் ஆலிசன் நிறுவனம், எண்ணெயில் கிளைகால் கலந்துவிட்டால் பெட்டியைப் பிரித்துக் கழுவி, உராய்வு வட்டுகளை மாற்றத்தான் வேண்டும் என்கிறது. எங்கள் வண்டியில் இருந்தது அந்த நிறுவனத்தின் பெட்டி அல்ல. ஆனால் காகிதமும் பசையும் எல்லாவற்றிலும் உண்டு.

இந்த எண்ணெயின் சிவப்பு அதன் இயற்கை நிறம் அல்ல, சாயம். கீழே ஒழுகும்போது இன்ஜின் ஆயிலா இதுவா என்று பிரித்தறியப் போடுவது. அந்த ஒரு சாயம் இல்லாவிட்டால் இளஞ்சிவப்பு என்ற எச்சரிக்கையே கிடைக்காது. இதைவிட விசித்திரமான வரலாறு ஒன்றும் இதற்கு உண்டு. 1970-களின் தொடக்கம் வரை, கிளட்ச் அதிராமல் மெத்தென்று பிடிப்பதற்காக இந்த எண்ணெயில் கலந்தது ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெய். அந்தத் திமிங்கலத்தை அழியும் உயிரினமாக அமெரிக்கா அறிவித்து, எண்ணெய் இறக்குமதியைத் தடை செய்தது. மாற்றுக் கலவையோடு ஜெனரல் மோட்டார்ஸ் 1973 வாக்கில் கொண்டுவந்த புதிய எண்ணெய், ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரின் பற்றவைப்பை அரித்தது. தடுப்பு மருந்து சேர்த்த அடுத்த வகை 1975 வாக்கில் வந்த பிறகுதான் அது நின்றது. எங்கள் வண்டியில் பிளந்தது அதே சுவர்தான், காரணம் வேறு.

திமிங்கலத்துக்கு மாற்றுத் தேடியவர்கள் கண்ணில் பட்ட செடிகளில் ஒன்று ஹொஹோபா. நம் ஊர் ஷாம்பூ பாட்டில்களில் ‘ஜோஜோபா’ என்று எழுதியிருப்பதுதான். அதன் விதையில் கிடைப்பது வேதியியல்படி திமிங்கல எண்ணெய்க்கு நெருங்கிய உறவு. அது இயல்பாக வளரும் நிலம் இந்த சொனோரன் பாலைவனம். கிழவரின் பிக்கப் பக்கத்தில் சாம்பல் பச்சையாக ஒரு புதர் நின்றது. “இதுவா அது?” என்று கேட்டேன். “அதுதான். மெக்கானிக்குக்கு உதவாத புதர்” என்று சிரித்தார்.

மிச்சம் இருந்தது கடைசிச் சோதனை. இதுவரை செய்ததெல்லாம் கூலன்ட் வந்திருக்கிறது என்று காட்டின, எந்த வழியாக என்று காட்டவில்லை. ரேடியேட்டருக்குப் போகும் இரண்டு எண்ணெய்க் குழாய்களையும் கழற்றினார். ரேடியேட்டர் வாயில் கைப்பம்ப் ஒன்றைப் பொருத்தி, மூடி தாங்கும் அழுத்தம் வரை, சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு, காற்றடித்தார். கழற்றிய எண்ணெய் வாய்களுக்கு நேரே ஒரு வெள்ளைத் தட்டைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். கூலர் நன்றாக இருந்தால் அந்த வாய்களிலிருந்து ஒன்றும் வரக்கூடாது. பம்பின் முள் மெல்ல இறங்கியது. தட்டில் சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று.

“இதற்குப் பிறகு வாதம் இல்லை” என்றார்.

அப்புறம் காசைப் பற்றிய பேச்சு. அவர் நேர்மையாகவே பேசினார். ரேடியேட்டரை மாற்ற வேண்டும், அதில் சந்தேகம் இல்லை. டிரான்ஸ்மிஷனுக்கு இரண்டு வழி. ஒன்று, முழுதாகப் பிரித்து வட்டுகளை மாற்றுவது. அது வண்டியின் விலையில் கணிசமான பங்கு. மற்றது, திரும்பத் திரும்ப எண்ணெயை மாற்றிக் கழுவிப் பார்ப்பது. அடித்தட்டைக் கழற்றினால் பாதிகூட வடியாது. மொத்தம் சுமார் 16 லிட்டரில் மிச்சம் டார்க் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடும். அதனால் ஒருமுறை மாற்றினால் போதாது. கூலன்ட் கொஞ்ச காலம்தான் இருந்தது என்றால் இரண்டாவது வழி பலிக்கலாம். மாதக்கணக்கில் ஊறியிருந்தால் கழுவுவது வெறும் ஆறுதல்.

“எவ்வளவு காலம் ஊறியது என்று எப்படித் தெரியும்?”

“ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.”

அக்கா நிமிர்ந்தாள். எண்ணெய் வடிக்கும்போது மாதிரி எடுக்கும் பொறுப்பை அவளே ஏற்றுக்கொண்டாள். “முதல்ல வர்றதும் வேண்டாம், கடைசில வர்றதும் வேண்டாம். நடுவுல புடி” என்று என்னை அதட்டினாள். ஆஸ்பத்திரியில் சிறுநீர் கொடுக்க வருபவர்களிடம் அவள் தினமும் சொல்லும் வாக்கியம். எண்ணெய்க்கும் அதுதான் விதி என்று கிழவர் தலையாட்டினார். அடியில் படிந்த வண்டல் முதலில் வந்து கணக்கைக் கெடுத்துவிடும்.

அடித்தட்டின் காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை படிந்திருந்தது. அது இயல்பான தேய்மானம். பளபளக்கும் துகளோ, ஊசியாக உடைந்த எஃகோ இல்லை. வடிகட்டியைக் கீறிப் பிரித்தார். கறுத்த காகிதத் துணுக்குகள் இல்லை. கொஞ்சம் தெம்பு வந்தது. பாட்டில் தபாலில் ஆய்வகத்துக்குப் போனது.

முடிவு வரும்வரை வேறு வேலை இல்லை. பகலில் கல் சந்தையில் சுற்றினோம். கூடை கூடையாக அகேட், ஜாஸ்பர், பிளந்த ஜியோடுகள் எடைக்கு விற்கின்றன. இரவில் குளிர் இறங்கும்போது பக்கத்து வண்டிக்காரர்கள் விறகு மூட்டி உட்காருவார்கள். அத்தனை பேரிடமும் ஒரு டிரான்ஸ்மிஷன் கதை இருந்தது. ஒருவர் கருகி வாடையெடுத்த எண்ணெயோடு ராக்கி மலையைக் கடந்தவர். இன்னொருவர் தவறான வகை எண்ணெயை ஊற்றி, ஒரு மாதத்தில் ரிவர்ஸ் கியரை இழந்தவர். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். கரும்பழுப்பும் காட்டமான வாடையும் என்றால் சூடு. கறுப்பில் துணுக்குகள் என்றால் வட்டுகள். இளஞ்சிவப்பு என்றால் தண்ணீர். சூட்டைப் பற்றி அவர்களிடம் ஒரு வாய்ப்பாடு இருந்தது. எண்ணெய் 80 டிகிரி செல்சியஸில் நெடுநாள் வாழும், அதற்கு மேல் ஒவ்வொரு பத்துப் பதினோரு டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும்.

ஆய்வறிக்கை மின்னஞ்சலில் வந்தது. அக்காதான் படித்தாள். எண்களை அவள் ஒரு நோயாளியின் தாளைப் படிக்கிற வேகத்தில் படித்தாள். சோடியமும் பொட்டாசியமும் ஏறியிருந்தன. கூலன்ட்டில் துருவைத் தடுக்கச் சேர்க்கும் உப்புகளின் கையெழுத்து அது. மழைத் தண்ணீரில் வராது. சிலிக்கான் அதிகம் இல்லை, மண் போகவில்லை. இரும்பும் ஈயமும் அந்த வகைப் பெட்டியின் சராசரியை ஒட்டியே நின்றன. செம்பு மட்டும் சற்றுக் கூடுதல். “தொத்து இருக்கு. உறுப்பு கெடல” என்று முடித்தாள்.

கிழவர் அதை வைத்து, கழுவிப் பார்க்கலாம் என்றார், உத்தரவாதம் தர மறுத்தார். புதிய ரேடியேட்டர் வந்தது. அதில் கூலர் இருந்தும் அவர் எண்ணெயை அதற்குள் விடவில்லை. முன்புறக் கிரில்லுக்குப் பின்னால் காற்றில் ஆறும் தனிக் கூலர் ஒன்றைப் பெரிதாகப் பொருத்தி, எண்ணெய்க் குழாய்களை அதற்கு மாற்றினார். குளிர் அதிகமான வட மாநிலங்களுக்குப் போனால், எண்ணெய் சூடேறத் தாமதமாகும். அதுதான் இதற்குக் கொடுக்கும் விலை. பாலைவனத்தை ஒட்டி ஓடும் வண்டிக்குப் பரவாயில்லை. இனி எண்ணெயும் கூலன்ட்டும் சந்திக்க இடமே கிடையாது. கையேடு சொன்ன வகை எண்ணெயை நிரப்பி, ஓட்டி, வடித்து, மறுபடி நிரப்பி, நிறம் தெளியும் வரை செய்தார். வடித்ததை உதிரிபாகக் கடை வாங்க மறுத்துவிட்டது. சுத்தமான பழைய எண்ணெயைத்தான் அவர்கள் எடுப்பார்கள். கூலன்ட் கலந்ததை அபாயக் கழிவு வாங்கும் இடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது.

திரும்பும் வழியில் அதே மலையை எதிர்ப்பக்கத்திலிருந்து ஏறினோம். லேசாக மிதித்துப் பார்த்தார் அத்தான், அதிரவில்லை. ஐந்நூறு மைல் ஓடியதும் இன்னொரு மாதிரி அனுப்பச் சொல்லியிருந்தார் கிழவர். அதில் சோடியம் பெருமளவு இறங்கியிருந்தது, இரும்பு ஏறவில்லை. அதற்காக வண்டி பிழைத்துவிட்டது என்று அக்கா ஒப்புக்கொள்வதில்லை. பசை விட்ட வட்டு ஒன்று எப்போது வேண்டுமானாலும் உரியலாம். கோடையில் ஒன்று, குளிர்காலத்தில் ஒன்று என்று பாட்டில் அனுப்பிக்கொண்டிருக்கிறாள். ஒரு பாட்டிலின் செலவு, ஒரு வேளை மூன்று பேர் வெளியே சாப்பிடும் செலவைவிடக் குறைவு.

பழைய மோட்டார்ஹோம் வாங்க நினைக்கும் நண்பர்கள் இப்போது அத்தானைத்தான் கேட்கிறார்கள். அவர் இன்ஜினைப் பற்றியோ டயரைப் பற்றியோ பேசுவதில்லை. விற்பவர் ஏற்கெனவே சூடாக்கி வைத்திருக்கும் வண்டியைப் பார்க்காதீர்கள், ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் போய்ப் பாருங்கள் என்கிறார். முதலில் ஆறிய ரேடியேட்டரின் மூடியைத் திறந்து விரலால் தடவ வேண்டும். பிறகு இன்ஜினை ஓடவிட்டு டிப்ஸ்டிக்கை உருவ வேண்டும். இரண்டையும் பார்க்க விடாதவரிடம் விலை பேசவே கூடாது.